விரத நாளில் விட்ட மாத்திரை

காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

என் வீட்டுக்காரர் வேலாயுதம் அவர்களுக்கு இந்திராணி எழுதுவது.

நானும் நம் மகள் சந்தியாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. நலமில்லை என்று தெரிந்துவிட்டதால் கேட்கவில்லை. பட்டு நூல் வாங்கத் தர்மாவரம் போன பூவராகவன் அண்ணன், அங்கே ஒரு தறிக்கூடத்தில் உங்களைப் பார்த்ததாகச் சொன்னார். “ஆளு பாதியா இளைச்சிட்டான்மா, இருமிக்கினே இருக்கான்” என்றார். நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். மறுபடி அவர் அங்கே வரும்போது கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டித்தான் தருகிறேன், பயப்பட வேண்டாம். அவருக்கு நம் விஷயம் தெரியாது. ஏதோ புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்துக்கொண்டு, “நீதான் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போவணும்மா” என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தேன்.

நீங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் என் கூத்தைக் கேளுங்கள்.

நீங்கள் போன பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. தறியில் உட்கார்ந்தால் கை ஓடாது. எச்.ஐ.வி. என்று எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன். அது வந்ததற்குக்கூட நான் அப்படி அழவில்லை. கொடுத்தவர் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனதற்குத்தான் அழுதேன். மாத்திரை வாங்குகிற இடத்தில் ஆலோசனை சொல்லும் தேவிப்ரியாவை உங்களுக்குத் தெரியும். அவள்தான், “தினமும் சாயங்காலம் அன்னைக்கு நடந்த நல்லதை நினைச்சு நன்றி சொல்லுங்கக்கா, மனசு கொஞ்சம் கொஞ்சமா லேசாகும்” என்றாள். எனக்கு வந்த கோபத்தில், எதற்கு நன்றி சொல்வது, இந்த வியாதிக்கா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை.

சரி, சொல்லித்தான் பார்ப்போம் என்று நினைத்தேன். நன்றி என்றால் நமக்கு என்ன தெரியும்? கோயில்தான். நல்லது நடந்தால் சாமிக்கு ஏதாவது செய்துவிட வேண்டும், வெறும் வாயால் சொல்லிவிட்டு வந்தால் தெய்வக் குற்றம். சந்தியாவுக்கு ரத்தம் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்ததே, முதலில் அதை நினைத்தேன். அதற்காகக் கிருத்திகை தோறும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருப்பதாகக் குமரக்கோட்டத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். என் உடம்பு தேறியதற்கு வெள்ளிக்கிழமை விரதம். தறிக்கு வேலை கிடைத்ததற்குச் செவ்வாய்க்கிழமை. நன்றி கூடக் கூட விரதமும் கூடியது. தண்ணீர் குடிக்காமல் மாத்திரையை எப்படி விழுங்குவது? அந்த நாட்களில் விட்டுவிட்டேன். சாமிக்காகத்தானே விடுகிறோம், சாமி பார்த்துக்கொள்ளும் என்று ஒரு தைரியம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வழக்கம்போல டப்பாவில் மிச்சமிருக்கிற மாத்திரையை எண்ணினார்கள். குட்டு வெளிப்பட்டுவிட்டது. திட்டு விழும் என்று நின்றேன். தேவிப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தேவிட்டாள், கண்ணில் தண்ணீர் வேறு. “அக்கா, நன்றி சொல்லத்தானே சொன்னேன், கடனை அடைக்கவா சொன்னேன்? முருகன் உங்ககிட்ட வந்து பட்டினி கேட்டாரா?” என்றாள். அப்புறம் உட்கார வைத்து விளக்கினாள். விட்டு விட்டுப் போட்டால் கிருமி மாத்திரைக்குப் பழகிக்கொள்ளுமாம், பிறகு அந்த மாத்திரை கேட்காதாம். மனசு ஆறாமல் கோயில் குருக்களிடமும், வியாதியைச் சொல்லாமல், கேட்டேன். மருந்து சாப்பிட்டால் விரதம் முறியாது என்று அவரும் சொல்லிவிட்டார்.

இப்போது வெறும் வாயால்தான் சொல்கிறேன். விளக்கு வைத்ததும் நானும் சந்தியாவும் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று சொல்வோம். தறியில் பாவு நூல் ஓர் இழைகூட அறவில்லை என்று ஒருநாள். செவிலிமேடு பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது என்று ஒருநாள். எதிர்வீட்டுச் சங்கரி சாம்பார் கொடுத்ததையும் சொன்னோம், உப்புதான் கம்மி. சில நாள் ஒன்றுமே தோன்றாது, சும்மா எழுந்துவிடுவோம். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அழுகிற நாளும் இருக்கிறது. ஆனால் தூங்குகிறேன், தறியில் கை ஓடுகிறது. கரையைத் தனியாகக் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதால் இப்போதைக்கு ஒற்றை ஆள் நெய்கிற புடவைதான். போன மாதம் ரத்தம் பார்த்ததில், கிருமி கண்ணில் அகப்படாத அளவுக்கு அடங்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் தீரவில்லை. மறைத்து எழுத எனக்கு வராது. ஆனால் போன வாரம் விளக்கின் முன்னால் உட்கார்ந்தபோது உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வாயில் வந்தது. எனக்கே ஆச்சரியம். உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று நீங்கள் மறைத்திருக்கலாம். ஆஸ்பத்திரி வரிசையில் எத்தனையோ பெண்களைப் பார்க்கிறேன், படுக்கையில் விழுந்த பிறகுதான் தெரிந்தது என்கிறார்கள். நீங்கள் நேரே வந்தீர்கள். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்த என் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னீர்கள். மறுநாளே என்னையும் பிள்ளையையும் அழைத்துப்போய்ப் பரிசோதிக்க வைத்தீர்கள். அப்புறம்தான் என் முகத்தில் விழிக்க வெட்கம் என்று ஓடிவிட்டீர்கள். ஆனால் அன்று என் முகத்தைப் பார்த்து நீங்கள் சொன்னதால்தான் நான் பிழைத்தேன்.

அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியிலும் இதே மாத்திரை இலவசமாகக் கிடைக்குமாம். நீங்கள் போகிறேன் என்றால் தேவிப்ரியா அங்கே இருப்பவர்களிடம் போனில் பேசிவிடுவாள். இருமலையும் காட்டுங்கள், சளி எடுத்துப் பார்ப்பார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு வாசலோடு திரும்ப வேண்டாம். இல்லையென்றால் வண்டி ஏறி இங்கேயே வந்துவிடுங்கள். என் கோபத்தை நேரில் வாங்கிக்கொள்ளலாம்.

சந்தியாவுக்கு நம் வியாதி தெரியாது. வேலைக்குப் போனவர் ஒரு போன்கூடப் பண்ணவில்லை என்பது மட்டும் தெரியும். பூவராகவன் அண்ணன் வந்துபோன அன்று விளக்கு வைத்ததும், “எங்கப்பா உசுரோட இருக்காரில்லம்மா, அதுக்கு நன்றி” என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். நேற்றும் அதைத்தான் சொன்னாள். வேறு ஏதாவது சொல்லேன் என்றால் கேட்பதில்லை.

முருகன் உங்களைக் காப்பாற்றட்டும். நாளைக்கும் அவள் அதையே சொல்லும்படி இருங்கள்.

இப்படிக்கு,
கோபம் தீராத உங்கள்
இந்திராணி