நான் பார்க்காத செம்புக் கம்பி

என் பிரியமுள்ள தாவீது பாவா,

அக்காவையும் என்னையும் விட்டு நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஆர்.கே.பேட்டையில் உங்கள் தறியை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். திருத்தணியில் என் ஜெராக்ஸ் கடையும் எதிரே உள்ள போலீஸ் ஸ்டேஷனும் நலம்.

போன ஞாயிறு நூலகத்தில் கூட்டம். தலைப்பு, குற்றவியல் நீதிச் சீர்திருத்தம். நையாண்டிக் கட்டுரை எழுதுகிறவன் ஊரில் நான் ஒருவன்தான் என்பதால் நீதியையும் என்னிடமே ஒப்படைத்தார்கள். விசாரணை முடியாமலே சிறையில் கிடப்பவர்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் அக்கா எழுந்தாள். "தம்பி, வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போட்றவங்கள பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

நேரமாகிவிட்டது என்றேன். மணி ஐந்துகூட ஆகவில்லை.

பாவா, உங்களிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். நகல் எடுக்க வரும் ஏட்டையா ஒருநாள் இரண்டு வெள்ளைத்தாளை நீட்டினார். "எழுத்தாளர் சார், ரெண்டு கையெழுத்து. சும்மா சாட்சிக்கு." என்னை எழுத்தாளர் என்று அழைத்த முதல் அரசு ஊழியர் அவர். போட்டுவிட்டேன். பால் பாக்கெட்டில் இருப்பதைக்கூட இருமுறை படிக்கிறவன் நான்.

சில மாதம் கழித்து, உங்கள் வழக்கின் காகிதங்களை நகலெடுக்க அக்கா கொண்டுவந்தாள். டிரான்ஸ்பார்மரில் செம்புக் கம்பி திருடினீர்களாம். மணவூர் ரயில் ஸ்டேஷன் பக்கத்துப் புதரிலிருந்து, என் கண்ணெதிரே அதை எடுத்துக் கொடுத்தீர்களாம். கீழே சாட்சியாக என் கையெழுத்து. எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, மூன்று படி எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்து மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தீர்கள். கடையில் டீ குடித்தபடி, "ஒன் கையெழுத்து ஷோக்கா கீது மச்சான்" என்றீர்கள். ஏன் என்னைத் திட்டவில்லை?

கோர்ட்டில் சாட்சி சொல்லும் நாளில் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். வாய்தாமேல் வாய்தா. என் முறை வருமுன் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்ததால் வழக்கு முடிந்தது என்று எழுதினார்கள். குற்றமற்றவர் என்று எழுத யாருக்கும் அவசியம் வரவில்லை. பஸ்ஸில் அக்காவைக் காட்டி, "கம்பி கேஸ் வூட்டம்மா" என்கிறார்கள் இன்னும்.

கூட்டம் முடிந்து நடக்கும்போது அக்காவிடம் கேட்டேன், வெற்றுத்தாள் என்று உனக்கு எப்படித் தெரியும்?

"ஒங்க பாவாதான் சொன்னாரு. 'மச்சான் பொய் சொல்ல மாட்டான். வெத்துப் பேப்பர்ல போட்டிருப்பான்'னு."

நீங்கள் என்னை நம்பிய அளவுக்கு நான் உங்களுக்காக ஒரு வாக்கியம் பேசியிருக்கலாம்.

நேற்று ஏட்டையா மறுபடி வந்தார். படித்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன்.

"இன்னா சார் படிக்கப்போற? இன்னும் எழுதவே இல்லியே!" உண்மையாகவே வருந்தினார். பிறகு டீக்கடைப் பக்கம் நடந்தார். அங்கேயும் பேனா இருக்கிறது.

வெற்றுத்தாளில்தான் கையெழுத்துப் போட்டேன் என்று வக்கீலிடம் பிரமாணப் பத்திரம் எழுதச் சொல்லியிருக்கிறேன். அதனால் உங்கள் வழக்கு மறுபடி திறக்காதாம். எனக்குத்தான் தொல்லை வருமாம். இந்த வழக்கில் சட்டம் முதன்முறையாகச் சரியான ஆள் பக்கம் திரும்புகிறது.

வரும் ஞாயிறு அதே நூலகத்தில் இந்தக் கடிதத்தை வாசிப்பேன், பாவா. டீக்கடைக்காரரையும் கூப்பிட்டிருக்கிறேன். அக்கா முன்வரிசையில் இருப்பாள். அவள் கேள்வி முடியும்வரை நேரம் ஆகாது.

எழுதியதை இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திடும்,
உங்கள் மச்சான்