இரண்டு விரல் குதிகால்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அம்மா நலம். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சுவரில் இருக்கிற அழுக்கெல்லாம் தெரிகிறதாம், தினமும் எனக்குத் திட்டு விழுகிறது. உன் அத்தானுக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. நான் நலமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம் என்பாய். மூன்று முறை சொன்னேன். முதல் முறை நீ காரில் இருந்தாய். இரண்டாம் முறை மீட்டிங். மூன்றாம் முறை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே யாருக்கோ நீ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. கடிதம் என்றால் நடுவில் துண்டிக்க முடியாது. தவிர, நீ கேட்ட படிவத்தையும் இதோடு வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

உன் காலணிக் கம்பெனியும் எங்கள் செயற்கைக்கால் பட்டறையும் கைகோக்கப் போகின்றன என்று நீ சொன்ன அன்று நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் என்று உனக்குத் தெரியும். என் தம்பி விளம்பரப் பிரிவில் இருக்கிறான், எங்கள் வேலையை ஊருக்கே காட்டப் போகிறான் என்று பட்டறையில் எல்லோரிடமும் அளந்துகொண்டு திரிந்தேன். எங்கள் நிர்வாகி ஒரு படி மேலே போய், வாசலில் உங்கள் கம்பெனிப் பலகையை எங்கள் பலகையைவிடப் பெரிதாக மாட்டினார். கிண்டலாகச் சொல்லவில்லை, அளந்து பார்த்தேன். அளப்பதுதானே என் பிழைப்பு.

முப்பது பேருக்குக் கால். முப்பது பேரும் உங்கள் புது மாடல் காலணியைப் போட்டுக்கொண்டு மேடையில் நடக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தக் காலணிக்குக் குதிகால் இரண்டு விரல் உயரம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல. அளவெடுக்கத் தொடங்கியபோது நீதான் போன் செய்தாய். ஹீல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அதற்கேற்றபடி கால்களைச் செய்துவிடு என்றாய். காலணி அவர்களுக்கே சொந்தமா என்று கேட்டேன். பின்னே இல்லையா என்று சிரித்தாய். எழுதிக் கொடு என்று நான் கேட்கவில்லை. தம்பியிடம் போய் யார் எழுதி வாங்குவார்கள்?

என் வேலையைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை, அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அளவெடுக்க வருகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது, தினமும் போடுகிற செருப்பைக் கொண்டுவாருங்கள் என்பதுதான். எந்த உயரத்துக்குக் காலை வைத்துச் செய்கிறோமோ அந்த உயரத்தில்தான் அது ஒழுங்காக நிற்கும். குதிகாலுக்கென்று செய்த காலைத் தட்டைச் செருப்பில் போட்டால் முழங்காலைப் பின்னால் தள்ளும். சமதரையில் நடந்தாலும் மேடேறுவது போலவே இருக்கும். திருகாணியைத் திருகிச் சரிசெய்கிற விலையுயர்ந்த கால் நாங்கள் செய்வதில்லை. எங்கள் காலில் பாதத்தை ஒருமுறை பொருத்தி மேலே சூடாக்கிய பிளாஸ்டிக்கை இழுத்து மூடிவிட்டால் பொருத்தியது பொருத்தியதுதான். மாற்ற வேண்டுமென்றால் அறுத்துத்தான் மாற்ற வேண்டும்.

உங்கள் போஸ்டரில் சிரிக்கிறாரே, தையற்காரம்மா, அவர் அளவெடுக்க வந்த அன்று ஒரு துணிப்பையில் தன் பழைய செருப்பைச் சுற்றி எடுத்து வந்திருந்தார். தட்டைச் செருப்பு, வார் அறுந்து தைத்தது, தையல் அவ்வளவு சீராக இருந்தது. யாரோ முன்பே சொல்லியிருக்கிறார்கள். பையைத் திறக்கப் போனவரிடம் நான்தான் அது தேவைப்படாது, கம்பெனியே புதுசு கொடுக்கிறது என்றேன். அவர் வெட்கத்தோடு பையை மூடிக்கொண்டார். அதுவரை அவரவர் செருப்புக்குத் தகுந்த கால்களைச் செய்துகொண்டிருந்தவள், அன்று முதல் கம்பெனிச் செருப்புக்குத் தகுந்த கால்களைச் செய்யத் தொடங்கினேன்.

விழா நன்றாகத்தான் நடந்தது, குறை சொல்ல மாட்டேன். பத்து நாள் உங்கள் காலணிகளைப் போட்டுத்தான் பயிற்சி கொடுத்தோம், எல்லோரும் பிசகில்லாமல் நடந்தார்கள். நீ அனுப்பிய குறிப்புத்தாளில் இருந்தபடி யாரும் அழவில்லை, காலணி தெரிகிற மாதிரி எல்லோரும் காலை எடுத்து வைத்தார்கள். புகைப்படக்காரர் தையற்காரம்மாவை மட்டும் ஏழு முறை நடக்க வைத்தார். கடைசி முறை அவர் சிரித்தது நிஜச் சிரிப்பு. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மேடையிலிருந்து இறங்கியதும் உங்கள் ஆபீஸ் பெண் ஒருத்தி அட்டைப் பெட்டிகளோடு வந்தாள். இது இன்னும் கடைக்கு வராத மாடலாம், சாம்பிளாம், திருப்பித் தர வேண்டுமாம், அவரவர் அளவில் புது ஜோடி வீட்டுக்கே வந்துவிடுமாம். முகவரியெல்லாம் எழுதிக்கொண்டாள். கெட்ட பெண் இல்லை, ஒவ்வொருவர் முன்னாலும் முட்டி போட்டு உட்கார்ந்து தன் கையாலேயே கழற்றினாள். முப்பது பேரும் வந்தபோது போட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். ஒரு வாரம்தானே என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்போதே குறுக்கே விழுந்து தடுத்திருக்க வேண்டும். நிர்வாகி பக்கத்தில் மாலையோடு நின்றுகொண்டிருந்தார், உன் மேலாளரும் நின்றுகொண்டிருந்தார். உனக்குத் தலைகுனிவாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

பதினோரு வாரமாகிறது. ஒரு ஜோடி வரவில்லை.

நீ சொன்னது நினைவிருக்கிறது. அனுப்புவது வேறு பிரிவாம், உன் வேலை நடந்ததை மக்களுக்குச் சொல்வதோடு முடிந்துவிட்டதாம். மாடல் நன்றாக விற்பனையாவதால் கையிருப்பு இல்லையாம். விற்பனையாவது எனக்கும் தெரியும், எங்கள் பட்டறைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில்தான் போஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள். ஆளுயரத்துக்குத் தையற்காரம்மா. "இவர் நடக்கிறார். நீங்கள் வாங்கினால் இன்னொருவர் நடப்பார்." எழுதியது நீ என்று அம்மா சொன்னாள். பேப்பரில் வந்ததைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறாள். புதுக்கண்ணால் அதைத்தான் முதலில் படித்தாளாம்.

போன மாதம் தையற்காரம்மா விழுந்துவிட்டார். தன் வீட்டு வாசற்படியில், துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது மல்லாக்க விழுந்திருக்கிறார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை. மாவுக்கட்டோடு, பழைய ஊன்றுகோலை இடது கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் போஸ்டரைத் தாண்டித்தான் பட்டறைக்குள் வந்தார். கால் தனியாகத் துணிப்பையில் இருந்தது. திட்டுவார், திட்டட்டும் என்று நின்றேன். அவர் பையை மேசைமேல் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"உங்க மேல தப்பு இல்லம்மா. எல்லாரும் நல்லா நடக்கறாங்களாமே, எனக்குத்தான் நடக்க வரலபோல. தினம் காலையில எந்திரிச்சு சுவத்தப் புடிச்சுப் பழகிப் பார்த்தேன். முட்டிதான் வீங்குது."

தம்பி, எனக்கு இதுதான் ஆறவில்லை. விழுந்ததுகூடப் பரவாயில்லை. ரெண்டு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்து பார்த்துவிட்டு, குறை தன்னிடம் என்று நம்பியிருக்கிறார். சந்துக்குச் சந்து அவர் படம் நடந்துகொண்டிருக்கும்போது, தன்னால் நடக்க முடியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

அதன்பிறகு மற்றவர்களையும் தேடிப் பேசினேன். பாதிப்பேர் காலைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள். சிலர் செருப்புக்குள் அட்டையையும் ரப்பரையும் மடித்து வைத்து ஒப்பேற்றுகிறார்கள். காவல்காரராக இருக்கிற ஒருவர் இது விழாவுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட மட்டும் போடுகிற கால் என்று நினைத்தாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்த நேரத்தில்தான் உன் படிவம் வந்தது. சிறந்த சமூகக் கூட்டு முயற்சி என்று விருதாம். மூன்று மாதத்துக்குப் பிறகும் முப்பது பேரும் நன்றாக நடக்கிறார்கள் என்று கால் செய்தவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டுவிடு, மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் நீளும், எனக்கும் ஒரு படி மேலே போக வழி கிடைக்கும் என்று நீ எழுதியிருந்தாய். நிர்வாகி இரண்டு முறை என் மேசைக்கு வந்துவிட்டார். ஒப்பந்தம் போனால் பட்டறையே போய்விடும், அப்புறம் யாருக்குக் கால் செய்வாய் என்று கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லை. கம்பெனிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கம்பெனி கொடுக்கட்டும், கொடுத்ததைத் தம்பட்டம்கூட அடித்துக்கொள்ளட்டும். கொடுத்துவிட்டு அடிக்கட்டும் என்கிறேன்.

உனக்கு நான் எதையும் மறுத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் உனக்காக எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார். அப்பா கையெழுத்தைக்கூட உன் மதிப்பெண் அட்டையில் நான்தான் போட்டேன். அதனால்தான் இதுவும் சுலபமாகக் கிடைத்துவிடும் என்று நினைத்தாயோ என்னவோ.

படிவத்தை நிரப்பிவிட்டேன். யார் நடக்கிறார், யார் நடக்கவில்லை என்று ஒவ்வொருவராக எழுதியிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் பூசி மெழுகவில்லை. வீட்டில் இல்லாத காலணிக்குக் கால் செய்தேன், தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நிர்வாகியிடம் கொடுத்தால் கிழித்துவிடுவார், அதனால் உனக்கே அனுப்புகிறேன். என் கையெழுத்துக்குக் கீழே ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறேன், பார். அது உனக்கு.

வியாழக்கிழமை தையற்காரம்மாவின் காலை அறுத்து மறுபடி செய்யப் போகிறேன். இந்த முறை அந்தப் பழைய செருப்பை நானே கேட்டு வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டேன். மற்றவர்களையும் ஒவ்வொருவராக வரச்சொல்லியிருக்கிறேன். பட்டறை இருக்கும்வரை செய்வேன். அதற்குள் உன்னால் அந்த ஜோடிகளை அனுப்ப முடிந்தால் அனுப்பு, நான் இன்னும் அறுக்காத கால்களுக்காவது ஆகும். எந்த நிறமானாலும் சரி, விற்காததானாலும் சரி, குதிகால் மட்டும் இரண்டு விரல் இருக்கட்டும்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. அலமாரியில் ஒட்டியது அப்படியே இருக்கிறது. நீ வந்து சொல்லும்வரை அப்படியேதான் இருக்கும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், மேலே மேலே போக வேண்டும் என்றுதான் இந்த நிமிடம்வரை நினைக்கிறேன். கையெழுத்துப் போடாவிட்டாலும் நீ என் தம்பிதான். போட்டுவிட்டு வா. வாசலில் நின்று உன்னைக் கூட்டிப்போவேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா