மூக்கோரத்தில் ஒரு விரல்

தாராவி,
சனிக்கிழமை.

அன்புள்ள ஸ்வீட்டி அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் என்றால் உங்கள் ரூம்காரர்கள் சுற்றி நிற்பார்கள், எனக்கும் அழுகை முந்திக்கொள்ளும். லீவில் வந்திருக்கிற சாஜன் அண்ணன் வியாழக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

செம்பூர் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து பிள்ளை கையாலேயே என்னென்னவோ பேசுகிறாள். கூடப் படிக்கிற காது கேளாத பிள்ளைகளுக்கெல்லாம் புரிகிறது. பெற்ற எனக்குத்தான் ஒரு மண்ணும் புரியவில்லை. தாய் தகப்பனுக்கும் சைகை சொல்லித்தர சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு இருக்கிறது. நம் பேக் கம்பெனியில் தைத்த பைகளை லாரியில் ஏற்றுகிற நாளும் அதுதான், மெஷினை விட்டு எழும்ப சேட் விடுவாரா? டீச்சர் அனுப்புகிற வீடியோவை வீட்டில் பார்க்கலாம் என்றால், தண்ணீர் பிடித்து, சமைத்து, பாத்திரம் கழுவி உட்காரும்போதே கண் சொருகிவிடுகிறது.

கொஞ்ச நாளாக நான் வேலை விட்டு வந்ததும் ஓடிவந்து, ஒரு விரலை மூக்கோரத்தில் வைத்துக் காட்டுவாள். சளி என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன், ஆவி பிடிக்க வைத்தேன். விடாமல் காட்டினாள். ஒருநாள் எரிச்சலில் கையைத் தட்டிவிட்டேன். எதிர்வீட்டு மீனாட்சியம்மாள் அக்கா பார்த்துவிட்டு, மூக்குக்குள்ள எதையாச்சும் போட்டுக்கிட்டாளோ என்னமோ, டாக்டர்ட்ட காட்டு புள்ள என்றார்கள். டாக்டரிடம் போகுமுன் டீச்சரைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே பள்ளிக்கு ஓடினேன்.

அக்தர் பானு டீச்சர் தன் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டி, இந்தச் சைகைக்கு அம்மா என்று அர்த்தம் என்றார்.

நகையே போடாத நம் சபையில் யார் மூக்குத்தி போடுகிறார்கள், எனக்கு எப்படித் தெரியும், நீங்களே சொல்லுங்கள்! பிள்ளை இத்தனை நாளும் என்னை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் பாவி தைலம் தேய்த்திருக்கிறேன். பள்ளிக்கூட வாசல் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

இன்னும் என்னென்ன சொன்னாளோ? வயிறு வலிக்கிறது என்றாளோ, பயமாக இருக்கிறது என்றாளோ? வீட்டில் பதிலே கிடைக்காவிட்டால் பிள்ளைகள் கேட்பதையே விட்டுவிடும் என்று டீச்சர் சொன்னார். அது நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது. அதனால் சனிக்கிழமை மத்தியானம் இனி வரமாட்டேன் என்று சேட்டிடம் சொல்லிவிட்டேன். முறைத்தார். வேறு ஆளைப் போட்டாலும் போடுவார். கோபப்படாதீர்கள். இன்றைக்கு முதலாவது வகுப்புக்குப் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை லீவில் நீங்கள் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவீர்கள் என்று தெரியும். அதில் கொஞ்ச நேரம் எடுத்து, நான் அனுப்புகிற டீச்சரின் வீடியோக்களைப் பாருங்கள். வீடியோ காலில் உங்களைக் கண்டதும் உதட்டுக்கு மேலே முறுக்கிக் காட்டுவாளே, சேட்டை பண்ணுகிறாள் என்று நாம் இரண்டு பேரும் சிரிப்போமே, அது அப்பா என்று கூப்பிடுகிறதாம். இன்றைக்குத்தான் படித்தேன்.

இப்போதெல்லாம் சாயங்காலம் வாசலைப் பார்த்தும் முறுக்குகிறாள். பிறகு என் முகத்தைப் பார்க்கிறாள். எப்போது என்பதற்கு என்ன சைகை என்று நான் டீச்சரிடம் கேட்கவில்லை. படித்துவிட்டால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் காப்பாராக. உங்கள் ஹோட்டல் வேலையில் மீசையை எடுக்கச் சொல்கிறார்கள் என்றீர்களே, தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஸ்வீட்டியின் அம்மா
ஜாக்குலின்