பந்தி முடியும் வரை

ஸ்ரீவைகுண்டம்
10.1.2025

சித்ரலேகாவுக்கு,

செல்போன் வெளிச்சம் ஆகாது என்று போனை எடுக்க மறுக்கிறாயாம். உன் அண்ணன் சொன்னார். அதனால்தான் கடிதம். தை இருபத்தேழில் கிரகப்பிரவேசம். பால் காய்ச்ச வேண்டியவள், தலைவலி என்று பாளையங்கோட்டையில் போய்ப் படுத்திருக்கிறாய். கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அம்மா அலுத்துவிட்டாள். உலகத்தில் வேறு யாருக்கும் தலை வலிப்பதில்லையா?

கணக்குப் பார்த்தால் விசேஷத்தன்று நீ தூரமாகிவிடுவாய். கருத்தடை மாத்திரையை இடையில் விடாமல் போட்டுத் தள்ளிவைத்துக்கொண்டு வா. இன்னொரு முறை எழுத மாட்டேன்.

குமரகுருபரன்


பாளையங்கோட்டை
17.1.2025

அத்தானுக்கு,

பொங்கலுக்குக்கூட எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை உங்களுக்கு.

எனக்கு வருவது வெறும் தலைவலி இல்லை. முதலில் கண்ணுக்குள் ஒளி வளைந்து வளைந்து மினுங்கும். பாதிப் பார்வை மறையும், விரல்கள் மரத்துப்போகும். அதன் பிறகே வலி. இது மைக்ரேனில் ஒரு வகையாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம், கருத்தடை மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் கூடும், இன்றோடு நிறுத்துங்கள் என்றார் நரம்பு டாக்டர். உங்களிடம் சொன்னேன். "நீ சொன்னதத்தான் டாக்டரு திருப்பிச் சொல்லுதாரு" என்று சிரித்தீர்கள்.

வருகிறேன். தூரமானால் பின்கட்டில் இருந்துகொள்கிறேன். உங்கள் தங்கை விஜயஸ்ரீ பால் காய்ச்சட்டும். மாத்திரை போட மாட்டேன்.

சித்ரா


ஸ்ரீவைகுண்டம்
22.3.2025

சித்ரலேகாவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாய். கட்டிய புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது வீட்டில் பால் பொங்குமுன் நீ அடுப்படியில் விழுந்ததை ஊரே அபசகுனம் என்கிறது. நாங்கள் பொறுத்துக்கொண்டோம். நீ விழுந்ததும் நான் எப்படிப் பதறினேன் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மாத்திரையால்தான் வாதம் வந்தது என்று உன் அண்ணன் சொல்லித் திரிகிறாராம். டாக்டர் அப்படி அடித்துச் சொன்னாரா? சித்திரை பிறக்குமுன் வந்து சேர். நடந்ததை மறந்து உன்னை ஏற்றுக்கொள்ள அம்மா சம்மதித்திருக்கிறாள்.

குமரகுருபரன்


பாளையங்கோட்டை
2.4.2025

குமரகுருபரன் அவர்களுக்கு,

வலது கை இன்னும் சரியாகவில்லை. இடது கையால் எழுதுகிறேன்.

டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. மாத்திரை இல்லாமலும் வந்திருக்கலாம் என்றார். கிரகப்பிரவேசத்துக்கு நான் அங்கே வந்த நாளிலிருந்து தினமும், சொந்தக்காரர்கள் நடுவில் அத்தை மாத்திரையை நீட்டினார்கள். "எல்லாரும் பாக்காவ, முழுங்கு" என்றீர்கள். முழுங்கினேன். அதைக்கூட விட்டுவிடலாம்.

டாக்டர் உறுதியாகச் சொன்னது வேறு. உடனே கொண்டுவந்திருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட்டிருப்பாராம். மதியச் சாப்பாட்டுக்கு வந்த அண்ணன், என்னைக் காணாமல் தேடி உள்ளே வந்த பிறகுதான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காலையிலிருந்து அதுவரை அறையில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தீர்கள்.

வாய் கோணியிருக்கிறது, கார் பிடியுங்கள் என்று விஜயஸ்ரீ உங்களிடம் அழுதாள். நீங்கள் கதவருகே நின்று சொன்னீர்கள்: "நடிக்கா. பந்தி முடியட்டும், பைய பாத்துக்கிடலாம்."

எனக்குப் பேச்சுதான் போயிருந்தது. காது கேட்டது.

இனி வர மாட்டேன்.

சித்ரலேகா