பிரிக்க முடியாத எண்

12 ஜனவரி 2025
கல்லூரிக் கணிதத் துறையின் பொன்விழா ஏற்பாட்டுக் கூட்டம். மகுடேஸ்வரன் தலைமை. ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அந்த ஆளின் முதுகில் துறைத்தலைவர் நாற்காலி ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பழைய மாணவர்களுக்கு டி-ஷர்ட் அடிக்கிறார்களாம். மார்பில் 5,60,52,361, கீழே ‘எங்களைப் பிரிக்க முடியாது’. அது பகா எண்ணாம். அவரே தேடிப் பிடித்தாராம். பகா எண்ணா என்று பார்க்கும் ஃபெர்மா சோதனையில் 2, 3, 5, 7 நான்குக்கும் தேறிவிட்டதாம்.

“நீங்க பாத்துச் சொல்லுங்க சார்” என்று எல்லோர் முன்னாலும் தாளை நீட்டினார்.

“சரியாத்தானுங்க இருக்கும்.”

ஏன் சொன்னேன்? முப்பது வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்த நாக்கு.

13 ஜனவரி
பகா எண் என்றால் அந்தச் சோதனையில் தேறும். தேறியதெல்லாம் பகா எண் ஆகிவிடாது. ஏமாற்றும் எண்கள் உண்டு. அவருக்கு இது தெரியாதா? சிறிய பகா எண்களால் வரிசையாக வகுத்து வருகிறேன். 97 வரை மீதி வருகிறது.

வீட்டுக்காரி சாரதாமணி எட்டிப் பார்த்தாள். “போன்ல போட்டா நிமிசத்துல சொல்லிருமுங்க.”

சொல்லும். ஆனால் அந்த ஆளின் தப்பை என் கையால் பிடிக்க வேண்டும்.

15 ஜனவரி
211. மீதி இல்லை. ஈவு 2,65,651. திருப்பிப் பெருக்கியும் பார்த்துவிட்டேன். அது பகா எண்ணே இல்லை.

17 ஜனவரி
டி-ஷர்ட்டில் பிரிண்ட் போடுவது எங்கள் பழைய மாணவன் திருமூர்த்தி. வேலம்பாளையத்தில் அவன் யூனிட்டுக்குப் போனேன். மகுடேஸ்வரன் எனக்கு முன்பே அங்கே.

“அந்த எண்ணுல ஒரு சின்ன சந்தேகமுங்க—”

முடிக்க விடவில்லை. “திருமூர்த்தி, ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்லவே இவருக்கு ரெண்டு சாட்சி வேணும். பொண்ணு பாத்துட்டு வந்து மூணு மாசம் யோசிச்ச ஆளாக்கும்!”

திருமூர்த்தி சிரித்தான். மொழி புரியாத வடநாட்டு ஆட்களும் சிரித்தார்கள். கணக்கு எழுதிய தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

அடிக்கட்டும். விழா மேடையில் எவனாவது எழுந்து கேட்கட்டும். அப்போது அந்த முகத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

20 ஜனவரி
ஒரு போன் போதும். எடுத்தேன், வைத்துவிட்டேன். நான் எதுக்குச் சொல்லணும்? அந்த ஆளு என்னைப் பேச உட்டாரா?

31 ஜனவரி
டி-ஷர்ட் வந்தது. நானூறும் அடித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விழா.

மகுடேஸ்வரன் போனில் கூப்பிட்டார். “முதுகுப் பக்கம் பாத்தீங்களா சார்? அன்னிக்கு யூனிட்டுல எல்லாரும் சிரிச்சது மனசுக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க. அங்க போட இருந்த எம்பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போடச் சொல்லிட்டனுங்க.”

திருப்பினேன். ‘எண்ணைச் சரிபார்த்தவர்: பேராசிரியர் தரணீதரன்.’ கொட்டை எழுத்து.

“நல்ல மனுசன்தானுங்க” என்றாள் சாரதாமணி.

மறுபடியும் 211-ஆல் வகுத்தேன். என் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு வகுத்தது இதுதான் முதல் தடவை.

மீதி வரவில்லை.