சோளக மாதங்களின் வருமானம்

கடற்கரை வீதி
03.10.2025

அன்புள்ள ஜெகதீபனுக்கு,

அலெக்ஸாண்டர் எழுதிக்கொள்வது. நீ சுகமாக இருக்கிறாய் என்று மீன் லொறி ஓட்டும் நீக்கிலாஸ் அண்ணன் சொன்னார். வள்ளத்துக்குப் புது எஞ்சின் பூட்டியிருக்கிறாயாம், கொஞ்சம் உடம்பும் வைத்திருக்கிறாயாம். ஆகவே சுகம் விசாரிக்கும் வேலை எனக்கு மிச்சம். என் போன் இலக்கத்தை நீ தடுத்து வைத்திருப்பதால் இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்து அனுப்புகிறேன். நீ கனடாவிலா இருக்கிறாய்? இருப்பது இலுப்பைக்கடவையில். பஸ் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்தில் வந்துவிடலாம். ஆனால் வழக்கு முடிந்த நாளிலிருந்து நீ இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

இங்கே சோளகக் காற்று ஓய்ந்துவிட்டது. போன கிழமை வங்காலைப் பக்கம் சிலருக்குச் சூடை மீன் நன்றாகப் பட்டது. உன் அம்மாவுக்கு முழங்கால் நோவு கூடிவிட்டது. கோவிலில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்கிறா. உன்னைப் பற்றி நான் ஏதும் கேட்டுவிடுவேன் என்ற பயமாக இருக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிரஷாந்தி, பிள்ளைக்கு நீ கட்டும் தாபரிப்புத் தொகையைக் கூட்டித் தரும்படி திரும்பவும் மனுப் போட்டிருக்கிறாள். இம்மாதம் 14ஆம் திகதி மன்னார்க் கோட்டில் விளக்கம். உனக்கும் அழைப்பு வந்திருக்கும்.

போன வருஷம் அந்தத் தொகை எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்று நீ மறந்திருக்க மாட்டாய். நான் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீதவான் இரண்டு கடதாசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று பிரஷாந்தி எழுதிக் கொடுத்த பிள்ளையின் செலவு. சாப்பாடு, கொப்பி, வான் காசு, மூச்சிழுப்பு மருந்து என்று மாதம் இருபத்தாறாயிரம். உன் சட்டத்தரணி ஒவ்வொரு வரியாகப் பிடித்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூசன் எதற்கு, வான் எதற்கு, நடந்து போனால் என்ன என்று கேட்டார். இழுப்புள்ள பிள்ளை எப்படி நடக்கும் என்று பிரஷாந்தி கேட்டாள்.

மற்றக் கடதாசி மீனவர் சங்கத்துச் செயலாளராக நான் எழுதிக் கொடுத்தது. மீன்பிடிக்கிறவனுக்குச் சம்பளச் சீட்டு ஏது? சங்கம் எழுதிக் கொடுப்பதுதான் கணக்கு. மே தொடக்கம் ஒக்டோபர் வரை மட்டும் எழுதித் தா, அதுதான் அண்மைய ஆறு மாதம் என்று கேட்டாய். நானும் இங்கே இறங்கும் மீனை எழுதும் துறைப் புத்தகத்தைப் பார்த்து, இவருடைய சராசரி மாத வருமானம் இருபத்தோராயிரம் ரூபா என்று எழுதி முத்திரை குத்தினேன். புத்தகத்தில் இருந்த ஓர் இலக்கத்தையும் நான் மாற்றவில்லை. அதனால்தான் கூசாமல் கையெழுத்து வைக்க முடிந்தது.

சோளகத்தில் நம் துறையில் எவன் ஒழுங்காக வள்ளம் இறக்குகிறான்? அந்த மாதங்களில் ஊரில் பாதிப் பேர் வடக்குப் பக்கக் கரைகளில் கொட்டிலடித்து, வாடி போட்டுத் தொழில் செய்வது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீதவான் கடற்கரை ஆள் இல்லை, அவருக்கு எங்கே தெரியப்போகிறது? உன் வாடியில் நானே மூன்று நாள் தங்கி நண்டுக்கறி சாப்பிட்டிருக்கிறேன். அந்த ஒரு கிழமையில் நண்டுக்கு மட்டும் உனக்கு அறுபதாயிரம் வந்தது. அந்தக் காசு எங்கள் புத்தகத்தில் ஏறாது என்று தெரிந்தே நீ கேட்டாய். தெரிந்தே நான் கொடுத்தேன். தகப்பனிடம் இல்லாததைத் தா என்று கேட்க முடியாது என்று சொல்லி நீதவான் மாதம் எண்ணாயிரம் தீர்த்தார். வெளியே வந்து நீ எனக்குச் சோடா வாங்கித் தந்தாய். அதையும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

பிரஷாந்தி இப்போது நண்டு சதை எடுக்கும் இடத்தில் நாட்கூலிக்குப் போகிறாள். விரலெல்லாம் வெட்டுக் காயம். அவளுக்குப் பாஸ்போட் வந்துவிட்டது. 14ஆம் திகதி ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த மாதம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவாள். பிள்ளையைக் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் விடப் பேசியிருக்கிறாள். தகப்பனும் இல்லாமல் தாயும் இல்லாமல் அந்த இழுப்போடு டிலோஜினி அங்கே கிடக்க வேண்டும். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி வாக்குக் கொடுத்த தொட்டப்பா நான். அந்தக் கையால்தான் முத்திரையும் குத்தினேன்.

ஆகவே 14ஆம் திகதி நான் சாட்சிக் கூண்டில் ஏறப் போகிறேன். கடிதத்தில் எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று சொல்வேன். செயலாளர் பதவி போகும். அதற்கு மேலேயும் வரலாம், வரட்டும். மனைவி மாக்கிறட்டுக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து, கோட்டுக்குப் போட என் வெள்ளைச் சேட்டை எடுத்துத் தோய்த்துப் போட்டாள்.

இன்னும் ஒன்று. போன ஞாயிறு பூசை முடிந்து டிலோஜினியைச் சப்பாத்து வாங்கக் கூப்பிட்டேன். பழையது முன்னுக்குக் கிழிந்து விரல் தெரிகிறது. வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். "அப்பாவுக்கு மீன் படுறேல்லையாம், தொட்டப்பா. கோட்டுக் கடதாசியிலயும் அப்பிடித்தான் கிடக்காம். அந்தக் காசை அவருக்குக் குடுங்கோ" என்றாள்.

அப்பாவின் வலைக்கு மீன் பட வேண்டும் என்று தினமும் பின்னேரச் செபத்தில் தனியாக ஓர் அருள்நிறைந்த மரியாயே சொல்கிறாளாம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து தயாரித்த கடதாசியை உலகத்தில் முழுதாக நம்பியிருப்பது அவள்தான். பிரஷாந்தி உண்மையைச் சொல்லவில்லை. தகப்பன் பொய்யன் என்று அறிவதைவிட ஏழை என்று நினைத்துக்கொண்டு வளரட்டும் என்கிறாள்.

நான் கூண்டில் ஏறும் முன் நீ வந்து பிள்ளையிடம் உன் வாயால் உண்மையைச் சொல்லிவிடு, மச்சான். கெஞ்சிக் கேட்கிறேன். ஆண்டவர் உன் தொழிலை ஆசீர்வதிக்கட்டும் என்று எழுதி முடிக்கத்தான் பேனையை எடுத்தேன். அதைத்தான் உன் பிள்ளை தினமும் கேட்கிறாளே. கேட்டது எப்போதோ கிடைத்துவிட்டது என்று அவளிடம் யார் சொல்வது? நீ வந்து சொல்.

இப்படிக்கு,
டிலோஜினியின் தொட்டப்பா
அலெக்ஸாண்டர்