லிஃப்ட்காரரின் மகள்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். டாக்டர் சொன்னபடி படுத்தே இருக்கிறாயா? அக்காவை ரொம்ப வேலை வாங்காதே. எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை. நேற்று பதினொரு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோய், சரிசெய்ய மாலையாகிவிட்டது. குழந்தை அறைக்கு வெளிர்பச்சை அடித்துவிட்டேன். என் மூக்குக்கும் கொஞ்சம்.

உன் லிஃப்ட்காரன்

மார்ச் 9

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

வயிற்றில் ஓயாத உதை. “அப்பன மாதிரியே சும்மா இருக்காது போல” என்று அக்கா சிரிக்கிறாள்.

நேற்று உங்கள் கூட்டாளி அண்ணன் போன் செய்தார். “கை நடுக்கம் எப்படிம்மா இருக்கு? ஆறு வாரமா ஆளையே காணோமே” என்றார். “பரவாயில்லண்ணே” என்று சமாளித்தேன். போனில் கேட்டால் மழுப்புவீர்கள், அதனால் எழுதுகிறேன். நான் இங்கே அக்கா வீட்டுக்கு வரும்வரை தினமும் டிபன் கட்டிக் கொடுத்தேனே, அதை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்?

உங்கள் வாயாடி

மார்ச் 13

வாயாடிக்கு,

பிரசவ ஆஸ்பத்திரியில்.

ஸ்கேனில் குழந்தை கையசைத்ததைப் பார்த்தோமே, அதற்கு மறுநாள் லிஃப்ட் கூண்டின்மேல் நின்றபோது கை உதறத் தொடங்கியது. நான் விழுந்துவிட்டால்? இறங்கியவன் மறுபடி ஏறவில்லை. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர், “உங்களுக்கு என்ன குழந்தைங்க?” என்றார். “பொண்ணு, ரெண்டே முக்கால் கிலோ” என்றேன். நடுக்கம் நின்றது. பிறகு தினமும் போனேன். தினமும் புது ஆட்கள், தினமும் எனக்குப் பெண் பிறந்தது.

செவ்வாயன்று நர்ஸிடம், “எம் பொண்ணக் காட்டுங்க” என்று சண்டை போட்டேன். அவள் உள்ளே இருப்பதாக நிஜமாகவே நம்பினேன். நர்ஸ் தண்ணீர் கொடுத்து, மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதித் தந்தார். இன்னும் போகவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 17

என் லிஃப்ட்காரருக்கு,

படித்ததும் அழுகை வந்தது, பிறகு கோபம், பிறகு நல்ல பசி. என்னிடம் மறைத்ததற்குச் சண்டை பாக்கி இருக்கிறது. பிள்ளை பிறந்தபின் நிதானமாகப் போடலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “ஏறித்தான் ஆகணுமா என்ன? பட்டறையில மோட்டார் வேலை கெடக்கு” என்றார்.

ஒன்று எழுதுங்கள். நம் பெண் எப்படி இருந்தாள்?

வாயாடி

மார்ச் 22

என் வாயாடிக்கு,

டாக்டரைப் பார்த்தேன். “வீட்ல சொன்னீங்களா?” என்றார். “சொல்லிட்டேன்” என்றதும் அவர் முகமே மலர்ந்தது. மாத்திரை தந்திருக்கிறார்; வாரம் ஒருமுறை போய்ப் பேச வேண்டும். திங்கள் முதல் பட்டறை.

பெண்ணின் முகத்தை யோசித்துப் பார்த்தேன், வரவே இல்லை. எடையை மட்டும்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன் போல.

சனிக்கிழமை வருகிறேன். டிக்கெட் எடுக்கும்போது வரிசையில் ஒருவர், “குழந்தைங்க இருக்கா?” என்று கேட்டார். “இன்னும் பொறக்கலைங்க” என்றேன். கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் சொன்னேன்.

உன் லிஃப்ட்காரன்